முதுகில் ஒரு தகடு

எங்கள் சங்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சகோதரர்தான். உள்ளே போய்க் கழுத்தில் நீலப் பட்டையை மாட்டிவிட்டால் மருந்துக்கடைக்காரரும் சகோதரர், மரக்கடைக்காரரும் சகோதரர். என் தங்கையின் கணவரையும் நான் அங்கே "சகோதரர் வெல்டர்" என்றுதான் கூப்பிட வேண்டும். இதைக் கேட்டு என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். "அப்போ நான் யாருண்ணா அவருக்கு?" என்றாள். படியிறங்கியதும் அவர் மாப்பிள்ளை, நான் மச்சான். சங்கத்தின் செயலாளர் நான், விதியை மீறலாமா?

சங்கம் செய்த நல்லதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, படுக்கையில் விழுந்தவர்களுக்கு இரும்புக் கட்டில், ஊன்றுகோல் எல்லாம் இரவல் கொடுப்போம். தேவை தீர்ந்ததும் திரும்பி வரும். பாதிக்குப் பாதி உடைந்துதான் வரும். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. பத்தொன்பது வருடமாக அதன் சாவி வெல்டரின் இடுப்பில்தான். தன் பட்டறையை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு நேரே இங்கே வருவார். கோணிய சக்கரத்தை நிமிர்த்துவார். கிழிந்த இருக்கைக்கு ரெக்சின் தைப்பார். உட்காரப் போகிறவரின் காலை அளந்து மிதிபலகையை ஏற்றி இறக்குவார்.

கடைசி வேலை, தகடு. "சகோதரர் சங்கத்தின் அன்பளிப்பு" என்று மஞ்சள் எழுத்தில் எழுதி, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், நாற்காலியானால் முதுகில், கட்டிலானால் தலைமாட்டில் பற்றவைக்க வேண்டும். இருபதடிக்கு அப்பாலிருந்தும் படிக்கலாம். எங்கள் தலைவரின் யோசனை. இரவல் கொடுத்ததற்கு அன்பளிப்பு என்று போட்டுக்கொள்ள எங்கள் ஒருவருக்கும் கூச்சம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஒரு நாற்காலி கேட்டனுப்பினார். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், எட்டு மாதம் வீட்டோடு கிடந்தவர். பள்ளிக்கூடத்தில் அவருக்காக வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். வெல்டரும் நானும் சனிக்கிழமை காலையில் நாற்காலியைக் கொண்டுபோனோம். உட்கார்ந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். முகத்தில் அப்படியொரு களை. பிறகு கையைப் பின்னால் விட்டுத் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"இதைக் கழட்ட முடியுமா?"

"அது சங்கத்து விதிம்மா," என்றேன்.

"சார், நான் போர்டுல எழுதத் திரும்புறப்பல்லாம் நாப்பது பிள்ளைங்க என் முதுகைப் படிக்கும். அப்புறம் என்கிட்ட கணக்கு கத்துக்குமா, என்மேல பரிதாபப்படுமா? இது இருந்தா நான் வேலைக்குப் போகல. எடுத்துட்டுப் போயிருங்க."

நான் விதிப்புத்தகம், பொதுக்குழு என்று ஏதோ இழுத்தேன். வெல்டர் பட்டறைக்குப் போய் கட்டிங் மிஷினோடு வந்தார். நாற்காலியை வாசலில் கவிழ்த்து, பற்றவைத்த நாலு இடத்தையும் அறுத்தார். சேலை மாட்டாதபடி அரம் போட்டுத் தேய்த்தார்.

"மாப்பிள்ளை, தலைவர் சும்மா விடமாட்டார்."

"விட வேணாம்னு சொல்லுங்க மச்சான். இத்தனை வருஷமா எத்தனை பேர் முதுகுல ஒட்டியிருக்கேன். வேணுமா வேணாமான்னு ஒருத்தரைக் கேட்டிருப்பேனா? எனக்கே கேவலமா இருக்கு."

அதோடு நின்றாரா? அன்று சாயங்காலமே கொட்டகையில் இருந்த பதினாலு நாற்காலியின் தகடுகளையும் அறுத்துத் தள்ளிவிட்டார்.

ஞாயிறு காலையில் அவசரக் கூட்டம். நீள மேசை, பன்னிரண்டு நீலப் பட்டைகள், நடுவில் பதினாலு தகடுகள். தலைவர் கெட்ட மனிதர் இல்லை; தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர், அவ்வளவுதான்.

"பேரு தெரிஞ்சாத்தான சகோதரரே நாலு பேர் உதவ முன்வருவாங்க? எல்லாத்தையும் திரும்ப ஒட்டுங்க, டீச்சரோடதையும் சேர்த்து. முடியாதுன்னா சாவியக் குடுத்துட்டுப் போங்க, அந்த நாற்காலியும் இன்னைக்கே திரும்பி வரணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எல்லாருக்கும் ஒன்றா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் முன்பு தலைவரின் அம்மா படுத்த படுக்கையானபோது கட்டில் எங்கள் கொட்டகையிலிருந்துதான் போனது. "தகடு மட்டும் வேண்டாமே, அம்மா சங்கடப்படுவாங்க" என்று இதே தலைவர் வெல்டரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். கட்டிலின் மறுமுனையைத் தூக்கியவன் நான். மேசைக்கு அடியில் வெல்டரை இடித்தேன். அவர் அசையவில்லை. சரி, நானே போட்டு உடைக்கிறேன் என்று வாயெடுத்தேன். என் கால் விரல்களைத் தன் காலால் நசுக்கிவிட்டார் மனிதர்.

"ஒட்ட மாட்டேன்," என்று மட்டும் சொன்னார்.

ஒருவரை நீக்குவதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோலிக்குண்டு, ஒரு கறுப்புக் கோலிக்குண்டு. துணி மூடிய பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒன்றைப் போட வேண்டும். மூன்று கறுப்பு விழுந்தால் ஆள் வெளியே. பெட்டியைத் திறந்தேன். நாலு கறுப்பு. வெல்டர் பட்டையைக் கழற்றி மடித்தார், இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதன்மேல் வைத்தார், இறங்கிப் போய்விட்டார்.

படியில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "வாயைத் தைச்சா வச்சிருந்தீங்க? கட்டில் விஷயத்தைச் சொல்லியிருந்தா அவர் தலை நிமிர்ந்திருப்பாரா?"

"மச்சான், அந்தம்மா யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனைச்சாங்க. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். இன்னைக்கு நான் தப்பிக்கிறதுக்காக அவங்க முதுகுல எழுதச் சொல்றீங்களா?"

மறுபடி மேலே போனேன். என் பட்டையையும் கழற்றிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன். "இனிமே சங்கத்து நோட்டை வேற யாராவது சகோதரர் எழுதட்டும்," என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான வாக்கியம் அதுதான்.

மத்தியானத்துக்குள் இரண்டு சகோதரர்கள் டீச்சர் வீட்டுக்குப் போய் நாற்காலியைத் தூக்கிவந்துவிட்டார்கள். வெல்டர் அதற்குள் பட்டறையில் புது நாற்காலிக்குக் குழாய் வளைக்க ஆரம்பித்திருந்தார். சக்கரத்துக்கு என்ன செய்வது? அவருடைய சைக்கிளின் முன்சக்கரம் ஒன்று, என்னுடையதில் ஒன்று. முன்னால் சின்னச் சக்கரங்களுக்குப் பட்டறைத் தள்ளுவண்டி பலியானது. இருக்கைக்கு ரெக்சின் பிடித்துக் கொடுத்த என் தங்கை, எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சா? நல்லதாப் போச்சு. இனிமேலாவது முறை சரியா இருக்கும்."

திங்கட்கிழமை காலை டீச்சரைப் பள்ளியில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நின்றோம். சைக்கிள் இல்லையே, நடந்துதான் திரும்ப வேண்டும், அவசரம் இல்லை. டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். சாக்பீஸை எடுத்து, சக்கரத்தைத் திருப்பி, பிள்ளைகளுக்கு முதுகு காட்டிக் கணக்கை எழுத ஆரம்பித்தார். வெல்டர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"டீச்சர், நீங்க மறைக்கிறீங்க. கணக்கு தெரியல."

டீச்சர் திரும்பாமலே நாற்காலியை இரண்டடி தள்ளிக்கொண்டு எழுதினார்.