மேனாம்பேட்டிலிருந்து இரண்டாவது டாக்டர் வரை

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு மேனாம்பேட்டில் வீட்டைப் பூட்டினோம். போக வேண்டிய இடம் ஐயப்பன்தாங்கல். அயனம்பாக்கம் ஏரிப் பக்கமாகக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வழியில் பஸ்ஸை நம்பிக் கிளம்பியவர்கள் பாதி தூரத்தை நடந்தே கடந்தார்கள். என் கணவர் அதிகம் நடக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆகவே அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் வரை ரிக்‌ஷா, அங்கிருந்து ஆவடி, பூந்தமல்லி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு மூன்று பஸ்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் நகரத்துப் பெரிய டாக்டர் ஒருவர் என் கணவரைப் பரிசோதித்தார். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய்கள் மூன்று அடைத்திருக்கின்றன, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். நெஞ்சைத் திறப்பதற்கு அது என்ன பீரோவா? நான் சம்மதிக்கவில்லை. ஐயப்பன்தாங்கலில் இன்னொரு இதய டாக்டர் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் நேரம் வாங்கிவிட்டேன். 'ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையே போதும்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்த வார்த்தைக்காகக் காசி வரை போகவும் தயாராக இருந்தேன்.

ஏழு மணிக்கு ஆவடி. பூந்தமல்லி பஸ் தயாராக நின்றது. ஒன்பது கிலோமீட்டர், சீட்டு ஆளுக்கு இரண்டு ரூபாய். ஜன்னல் ஓரத்தை அவருக்குக் கொடுத்தேன். சும்மா வருகிற ஆள் இல்லை அவர். வழியில் தெரியும் இரும்புக் கேட்டுகளில் எதிலாவது வெல்டிங் சரியில்லை என்று குறை சொன்னால்தான் பயணம் செய்த திருப்தி. அன்று பருத்திப்பட்டு தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. மேலுதட்டில் வியர்வை.

பூந்தமல்லியில் இறங்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது பஸ் வேண்டாம் என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன். டிரைவர் அவர் முகத்தையே பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இப்டி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல."

"ஐயப்பன்தாங்கல், ஹார்ட் டாக்டர் ஊட்டுக்கு" என்றேன் நான்.

"ஒண்ணுமில்லாமயா அங்க போறீங்கோ? நல்லா சாஞ்சி குந்து. பள்ளம் வந்தா சொல்றேன், புட்சிக்கோ."

சொன்னபடியே குமணன்சாவடியிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "வருது" என்று குரல் கொடுத்தார். ஆறு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். அப்படிப் பூப்போல ஓட்டிய ஆட்டோவில் நான் அதற்கு முன்னும் ஏறியதில்லை, பின்னும் ஏறியதில்லை.

எட்டரை மணி. பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் டாக்டர் வீடு. முதல் டாக்டரின் காகிதங்களை நிதானமாகப் படித்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் நிமிர்ந்தார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாரா?"

"வேளை தவறாம நான்தான் கையில குடுக்கறேன் சார்" என்றேன் பெருமையாக.

"வாங்கிக்கறேன் சார். மூணு நாளா போடல" என்றார் என் கணவர். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் கொடுத்த மாத்திரைகள் அத்தனையும் உள்ளே இருந்தன.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருஷமாக அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்தில் கடைசல் முடிந்து வரும் இரும்புப் பாகங்களை அளந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்ல வேண்டும். "எண்ணெயத் தொடச்சிட்டுதான் சார் அளவு பார்ப்போம். பிசுக்கோட அளந்தா தப்பா காட்டும். மாத்திரையும் அப்டிதானே?" என்றார்.

டாக்டர் தீப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது உங்க கம்பெனி இரும்பு இல்லைங்க. இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இதயம் வழியிலயே நின்னு போயிருக்கும்" என்றார். இன்றைக்குக் கேட்டாலும், தான் செய்ததில் தப்பில்லை என்றுதான் என் வீட்டுக்காரர் சாதிப்பார்.

டாக்டர் தன் கையாலேயே மாத்திரை கொடுத்து, இ.சி.ஜி. எடுத்து, இரண்டு மணி நேரம் படுக்க வைத்தார். மூச்சு சீரானதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த டாக்டர் சொன்னது சரிதாம்மா. நானும் அதையேதான் சொல்வேன். தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். "எழும்பூர்ல இன்னொருத்தர் இருக்காராம்" என்று ஆரம்பித்தேன்.

"போலாம் சரோ. நீ கூப்ட்டா அங்கயும் வரேன்" என்றார். "ஆனா எனக்கு மொத டாக்டர் சொன்னப்பவே தெரியும். கம்பெனி மாடிப்படி ஏறும்போதே தெரிஞ்சிபோச்சி. நீ நம்பணும்னுதான் இம்மாந்தூரம் வந்தேன். மாத்திரைய நிறுத்தினதும் அதுக்குத்தான். மாத்திரை போட்டதால டாக்டருக்குச் சரியா தெரியலன்னு நாளைக்கு நீ ஒரு சாக்கு சொல்லுவ."

சொல்லியிருப்பேன்தான். எனக்கு ஒரு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக இந்த மனிதர் மூன்று நாளாகத் தன் உயிரைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். வந்த ஆத்திரத்துக்கு நடுத்தெருவிலேயே நாலு வைக்கலாம் போலிருந்தது. அழுகைதான் வந்தது. இவர் இல்லாத வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று நினைக்க நினைக்க இன்னும் அதிகமாக வந்தது.

"மூணு பஸ் மாறணும். இங்கயே அழுதுகினு இருந்தா எப்டி?" என்றார்.

"திங்கக்கெழமையே ஆஸ்பத்திரில சேர்ந்துடலாம்" என்று நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குப் பூந்தமல்லியில் ஆவடி பஸ். காலையில் வந்த அதே ஒன்பது கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவருக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதற்காகவே மூன்று வாரமாக நான் ஒரு ராத்திரிகூடச் சரியாகத் தூங்கியதில்லை. அன்று பருத்திப்பட்டு எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஆவடியில் கண்டக்டர் வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எழுப்பினார்.