வயது பூஜ்யம்

எனக்குத் திமிர் கொஞ்சம் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது தலைகால் புரியாமல் ஆடியது. சிதம்பரத்தில் படிப்பை முடித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டே அறையில் நடந்த கம்ப்யூட்டர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். முதலாளி ஒருவர், டைப் செய்யும் பெண்கள் மூன்று பேர், புரோகிராம் எழுத நான் ஒருத்தி. கேள்வி கேட்க ஆளில்லாத ராஜ்ஜியம்.

எந்த வேலை வந்தாலும் நான் முதலில் எடுத்து ஒட்டும் ஃபைல் ஒன்று இருந்தது. அதற்குள் குட்டிக் குட்டியாக ஃபங்ஷன்கள். ஒரு இடத்தில் மதிப்பு இருக்கிறதா, காலியா என்று பார்க்க ஒன்று. நீளமான பட்டியலில் காலியாகக் கிடப்பதைக் களைய ஒன்று. ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிட ஒன்று. நடக்கவே சாத்தியமில்லாத விவரம் வந்தால் அதைத் தனியே ஒதுக்கி, ‘தவறுகள்’ என்ற ஃபைலில் தள்ள ஒன்று. காலியைக் களைவதற்கு ‘சுத்தம்’ என்று பெயர் வைத்திருந்தேன். நாலே வரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொள்வேன்.

கடல் ஊருக்குள் வந்துபோய்ப் பத்து மாதம் ஆகியிருந்த சமயம் ஒரு வேலை வந்தது. சிதம்பரத்தில் இருந்த ஒரு தொண்டு அமைப்பு, கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே தார்ஷீட் கொட்டகைகளில் இருந்த மீனவக் குடும்பங்களைக் கணக்கெடுத்திருந்தது. குடும்பத்துக்கு ஒரு படிவம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊர்வாரியாகவும் வயதுவாரியாகவும் பட்டியல் எடுத்துத் தர வேண்டும். பட்டியலில் இருக்கும் கைக்குழந்தைகளைத் தேடி மாதம் ஒருமுறை நர்ஸ் போவார், எடை பார்ப்பார், ஊசி போடுவார், பால் பவுடர் கொடுப்பார். பட்டியலில் இல்லாத வீட்டுக்குப் போக மாட்டார். ஏற்பாடு அப்படி.

ஒவ்வொரு படிவத்திலும் எட்டு ஆளுக்கு இடம். மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஐந்து வரி சும்மா கிடக்கும். பெயர்க் கட்டத்தில் கை தவறி ஏதாவது எழுத்து விழுந்திருக்கும் என்பதால் நான் பெயரை நம்பவில்லை. வயது காலியாக இருந்தால் அது ஆளில்லாத வரி, எடுத்துவிடு என்று சுத்தத்திடம் சொன்னேன். எடுத்துவிட்டது. பிரிண்டரில் தாள் தாளாக வந்து விழுந்தது.

அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஐம்பது வயதுக்காரர், பொறுமைசாலி. வயதுவாரிப் பட்டியலைப் புரட்டியவர் முதல் பக்கத்திலேயே நின்றார். வரிசை ஒரு வயதில் தொடங்கியது. அதற்குக் கீழே எந்த ஊரிலும் யாருமில்லை. ஒரு வயதுக்குள் ஒரு குழந்தைகூட இல்லையா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“பயந்துபோன சனம்மா. வயித்துல தங்கியிருக்காது” என்றார்.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் யாராவது சிரித்திருப்பார்கள். அத்தனை குப்பத்திலும் பத்து மாதமாக ஒரு பிரசவம்கூட இல்லையென்றால் புரோகிராமில்தான் கோளாறு என்று என் தலையில் குட்டியிருப்பார்கள். அந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை. கடல் வந்த பிறகு கரையோரத்தில் பிள்ளையே பிறக்கவில்லை என்பதை அந்த அறையில் இருந்த எல்லோரும் அப்படியே நம்பினோம். டைப் செய்யும் பெண்களில் சின்னவள் மட்டும், “யக்கா, நான் செல வூட்டுக்கு சைபர் அடிச்ச ஞாபகம் இருக்குதே” என்று இழுத்தாள். ஞாபகம் வேறு, டேட்டா வேறு என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. தங்களைப் பற்றி எழுதின எந்தப் பட்டியலும் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் உரக்க வாசிக்கப்படாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. வீடு வீடாகப் பெயரைப் படிக்க, அந்த வீட்டார் ‘சரி’ சொன்ன பிறகுதான் செல்லும். ஒருங்கிணைப்பாளர் ஒரு குப்பத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். பகல் பதினோரு மணி. கொட்டகைகளுக்கு நடுவே கோயில் முன்னால் கீற்றுப் பந்தல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டு வாசித்தேன்.

மூன்று வீடு தாண்டியிருப்பேன், எங்கோ ஒரு குழந்தை அழுதது. என் கையிலிருந்த தாளின்படி அந்த ஊரில் அழுவதற்குக் குழந்தை கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மடியில் ஒன்று. அவளுக்குப் பின்னால் இருந்தவள் தோளில் ஒன்று. தூணோரம் ஒருத்தியின் முந்தானைக்குள் ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் தாளைப் பார்த்தேன், அவர்களைப் பார்த்தேன், அடுத்த வீட்டைப் படித்தேன். என் தாள்தான் சரி என்றால் இவர்கள் மடியில் இருப்பது என்ன?

அதைவிடப் பெரிய பயம் வேறு. யாரும் தடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டில் இனிஷியல் மாறினாலே தாலுகா ஆபீசை இரண்டாக்கிவிடுவார்கள். இங்கே மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை இல்லாத குடும்பத்தை நான் வாசிக்க, சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தூணோரத்துப் பெண்ணின் வீடு வந்தது. புருஷன், அவள், இரண்டே பெயர். “சரி” என்றாள். முந்தானைக்குள் ஒரு குட்டிக் கால் உதைத்தது.

அந்தக் காலைப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. வயது என்றால் முடிந்த வயது. ஒன்று முடியாத பிள்ளைக்குப் பூஜ்யம். என் ஃபங்ஷனுக்குப் பூஜ்யமும் ஒன்றுதான், காலியும் ஒன்றுதான். ஒன்றுமே எழுதாத கட்டத்தைத் தூக்கி எறிந்த அதே கையால், எல்லாக் குப்பத்துக் கைக்குழந்தைகளையும் தூக்கி எறிந்திருக்கிறது. நான் அதற்குச் சபாஷ் வேறு போட்டிருக்கிறேன்.

வாசிப்பதை நிறுத்தி, தப்பு என்னுடையது, ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் விட்டுப்போய்விட்டன, திருத்திக் கொண்டுவருகிறேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. சில பெண்கள் தைரியமாகப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். தூணோரத்துப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள்.

திரும்பக் கிளம்பும்போது தண்ணீர்த் தொட்டியருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கூடவே முடி நரைத்த ஒரு பெண், பக்கத்துக் கொட்டகைக்காரியாம். பிள்ளை இப்போது அந்த நரைமுடிக்காரியின் இடுப்பில் இருந்தது.

“எங்கூட்ல எழுதாதக்கா” என்றாள் அவள்.

ஏன் என்றேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்களாம். இரண்டு பேர் பெயரும் பள்ளிக்கூடத்தில் இருந்தது, ரேஷன் கார்டில் இருந்தது, சொட்டு மருந்துச் சீட்டில் இருந்தது. ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தாள். கடல் வந்த அன்றைக்கு இவள் நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எழுதி வைத்த இரண்டும் இல்லை. எழுதாத ஒன்று மட்டும் வயிற்றில் இருந்தது.

“பேரு இருந்ததுங்களத்தான் கேட்டு வாங்கிக்கிச்சி. இதுக்கு இன்னும் பேரே வெக்கல. இல்லாமயே இருந்துட்டுப் போவட்டும்.”

எனக்குக் கோபம் வந்தது. நர்ஸ் வர மாட்டார், ஊசி கிடைக்காது, நாளைக்கு மஞ்சள் காமாலை வந்தால் என்ன செய்வாய், பைத்தியமா உனக்கு என்று கொட்டித் தீர்த்தேன். சொல்லும்போதே வெட்கமாகவும் இருந்தது. அவள் கிழக்கே திரும்பிப் பார்த்தாள். கடல் சத்தம் கேட்டது. கொட்டகைகளால் கடல் மறைந்திருந்தது, ஆனால் அது அந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்பதுபோல் எனக்குப் பட்டது. என் குரல் தானாகவே தாழ்ந்தது.

நரைமுடிக்காரிதான் வழி சொன்னாள். பிள்ளை பிறந்த மறுநாளே ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அவள் அதை வாங்கிவிட்டாளாம். பிள்ளை தங்காத வீட்டில், இது எங்கள் பிள்ளையில்லை என்று காட்ட, பிறந்ததைத் தவிட்டுக்கு விற்று வாங்குவது எல்லா இடத்திலும் உள்ளதுதான். சாதாரணமாக அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவள் கொடுக்கவில்லை.

“நான் வாங்குன புள்ள இது. என் கார்டுல எழுதிக்கோ பாப்பா. நர்ஸம்மா என் வூட்டுக்கு வரட்டும்.”

கணக்கெடுத்தவர் கண்ணால் பார்த்து எழுதியிருந்த பிள்ளையை, கூடவே கொண்டுபோயிருந்த படிவத்தில் பேனாவால் அடித்து, நரைமுடிக்காரியின் படிவத்தில் எழுதினேன். ஆண் குழந்தை, வயது பூஜ்யம், தாய் என்ற இடத்தில் நரைமுடிக்காரி. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாகச் சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பேனாத் திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, சுத்தத்தைத் திறந்து, பூஜ்யம் காலியல்ல என்று ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன். எல்லா ஊரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். முதல் பக்கம் நிறைந்து இரண்டாம் பக்கம் போயிற்று. அப்புறம்தான் ‘தவறுகள்’ ஃபைல் ஞாபகம் வந்தது. நடக்கவே சாத்தியமில்லாத விவரங்களில் ஒன்றாக, தாய்க்கும் கைக்குழந்தைக்கும் ஐம்பது வருஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒதுக்கிவிடு என்று நானே எழுதியிருந்தேன். நரைமுடிக்காரி அங்கேதான் போயிருப்பாள். அவளை மீட்க அந்த ஃபைலைத் திறந்தேன்.

அவள் மட்டும் இல்லை. தாய் வயது ஐம்பத்தைந்து, பிள்ளை பூஜ்யம். தாய் அறுபத்தொன்று, பிள்ளை பூஜ்யம். தாய் அறுபத்தேழு, விதவை, பிள்ளை பூஜ்யம். வேறு வேறு ஊர், வேறு வேறு ஆள் எடுத்த படிவம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குப்பங்களில், எப்போதோ எழுதி மூட்டை கட்டிய தாள்களில், கிழவிகள் கைக்குழந்தைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ சீட்டைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.

முதலாளி எட்டிப் பார்த்து, எதிலும் எரர் இருக்கத்தான் செய்யும், அதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பிரிண்ட் போடு மேடம் என்றார். என் படிப்பும் அதைத்தான் சொன்னது. ஆனால் ஐம்பது என்று இருந்த இடத்தில் நூறு என்று மாற்றினேன். பொய் என்று தெரிந்தே நான் உள்ளே விட்ட விவரம் அதுதான் முதல். மறுபடி ஓட்டினேன். ஃபைலில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இரண்டாம் முறை வாசிக்க அதே பந்தலுக்குப் போனோம். நரைமுடிக்காரியின் வீட்டைப் படித்தேன். ஆண் குழந்தை, வயது பூஜ்யம். ஊரே அறிந்த பொய். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பஞ்சாயத்தார் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் “சரி” என்றாள்.

அடுத்தது பக்கத்துக் கொட்டகை. புருஷன், மனைவி என்று படித்து நிறுத்தினேன். தூணோரத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்கவில்லை. முகத்தைக் கிழக்கே திருப்பி, அங்கே இருப்பதற்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

“சரி. எனக்குப் புள்ள இல்ல.”