ஏகாதசியன்று நிறுத்தச் சொன்ன மாத்திரை

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மலர்க்கொடி டாக்டரம்மா. சம்பளக் கணக்கில் ஸ்டாஃப் நர்ஸ். படித்து வாங்கிய சான்றிதழிலோ நர்ஸ் பிராக்டிஷனர். இந்த மூவரில் தான் யார் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

மணப்பாறைப் பக்கத்துக் கடலை விவசாயி நல்லதம்பியின் மகள் அவள். மன்னார்புரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்தாள். பிறகுதான் நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பில் சேர்ந்தாள். நோயைக் கண்டறியவும், வகுத்த எல்லைக்குள் மருந்து எழுதவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். படித்து முடித்து, "இனிமே நான் எழுதலாமா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் எழுதலாம் என்றார், இன்னொருவர் கூடாது என்றார். ஒரு நிர்வாகி மட்டும், "எழுதலாம்மா, ஆனா எழுதாதீங்க" என்று தெளிவாகக் குழப்பினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே!

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன கிளினிக்கில் சேர்ந்தாள். டாக்டர் அடைக்கலராஜ் பாலக்கரையிலிருந்து வாரத்தில் சில மாலைகள் மட்டும் வருவார். அவர் ஆரம்பித்த மாத்திரையை அவள் தொடர்ந்து கொடுக்கலாம். தானாக ஆரம்பிக்கக் கூடாது, கூட்டக் கூடாது. நிறுத்தலாமா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் இருப்பதும் போய்விடும் என்ற பயம்.

ஒரு நவமியன்று ரங்கநாதன் வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அனுஷ்டானத்தில் கறார்ப் பேர்வழி. அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அவருக்குச் சர்க்கரை மாத்திரை ஆரம்பித்திருந்தார், ராத்திரிக்கு ஒன்று.

"நாளன்னிக்கு ஏகாதசி. அடியேன் ஜலம்கூட எடுத்துக்கறதில்லை. மாத்திரை போட்டுக்கலாமோ?"

வெறும் வயிற்றில் அந்த மாத்திரை ஆளையே சாய்த்துவிடும் என்பது மலர்க்கொடிக்குத் தெரியும். ஆனால் நிறுத்தச் சொல்வதும் மருந்து எழுதுவதில் சேர்த்தியா? டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேளாங்கண்ணி போயிருந்தார், லைன் கிடைக்கவில்லை. ரங்கநாதன் காத்துக்கொண்டு நின்றார். பட்டினி கிடக்காதீர்கள் என்றால் கேட்கிற மனிதரா அவர்?

"ஏகாதசியன்னிக்கு மட்டும் போடாதீங்க சார்" என்று யாருக்கும் கேட்டுவிடாமல் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இன்னும் இரண்டு வார்த்தை விளக்கியிருக்கலாம். விளக்கினால் அது வைத்தியமாகிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டாள்.

ஏகாதசிக் காலையில் அவருடைய மருமகள் வைஷ்ணவி தலைதெறிக்க ஓடி வந்தாள். "மாமாவுக்கு வேர்த்துக் கொட்டறது, பேச்சு குழறறது. சித்த வாங்கோளேன்!"

மலர்க்கொடி பையோடு ஓடினாள். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நாற்பதுக்குக் கீழே. வாயில் சர்க்கரையை வைக்கப் போனால் மனுஷர் பல்லைக் கிட்டித்துக்கொண்டார். "ஏகாதசி... ஏகாதசி" என்று முனகினாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை. அதற்குள் கண் செருகியது.

உத்தரவு கேட்க அவளுக்கு நேரமில்லை. நரம்பைத் தேடிக் குளுக்கோஸ் ஊசியை ஏற்றினாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகிய கை தானாக ஓடியது. சிறிது நேரத்தில் அவர் கண் விழித்து முதலில் கேட்டது: "ஊசி வழியாப் போனா உபவாசம் பங்கமாகுமோ?" அதற்குப் பதில் சொல்லவும் அவளுக்கு அதிகாரம் கிடையாது.

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. சந்தியாவந்தனம் காலம் தவறினால் பிராயச்சித்தமாக இன்னும் ஒரு கை நீரை அர்க்யமாகக் கூடுதலாக விடுகிறவர் அவர். ஒரு வேளை மாத்திரையை அப்படியே விட்டுவிடுவாரா? ஏகாதசி மாத்திரையையும் சேர்த்துத் தசமி ராத்திரியே இரண்டாக விழுங்கியிருக்கிறார். அன்று ராத்திரி சாப்பிட்டதோ ஒரே ஒரு பழம்.

அன்று மாலை டாக்டர் வந்தார். "என்னைக் கேக்காம ஏம்மா நிறுத்தச் சொன்னீங்க?" என்று கடிந்துகொண்டார். அடுத்த மூச்சிலேயே, "என்னைக் கேட்டுட்டு இருக்காம ஊசி போட்டீங்களே, நல்லதாப் போச்சு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ரெண்டையும் நானே போன்ல சொன்னதா எழுதிடுங்க" என்றார்.

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவளும் எழுதினாள். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் செய்த தப்பும் அவளுடையதில்லை, காப்பாற்றிய உயிரும் அவளுடையதில்லை என்று ஆகிவிட்டது. பிழைத்தோம் என்று நினைப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்த ஏகாதசிக்கு முன்னால் ஒரு மாலை ரங்கநாதன் வந்தார். டாக்டர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடவை மாத்திரைக்கு என்ன பண்றதும்மா?"

"டாக்டர் இருக்காரு சார். அவரையே கேளுங்களேன்."

"கேட்டேனே! ஏகாதசி சமாச்சாரமெல்லாம் உங்களைக் கேட்டுக்கச் சொல்லிட்டார்."

மலர்க்கொடி மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு அவரை உட்காரவைத்தாள். முழுப்பட்டினி வேண்டாம், பாலும் பழமுமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அன்றைக்கு மாத்திரை கூடாது, விட்டதற்கு ஈடாக முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. தலை சுற்றினால் ஏகாதசியானாலும் சர்க்கரையை வாயில் போட வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

எல்லாம் ஒப்பித்துவிட்டு அவர் கேட்டார்: "இது டாக்டர் சொல்றதா, நீங்க சொல்றதா?"



"நான்தான் சொல்றேன் சார்" என்றாள். சொன்ன பிறகும் பயமாகத்தான் இருந்தது.