மிஸ்ஸி பதிவு செய்யாத அழுகை

மிஸ்ஸியின் ஹெட்செட்டில் இடப்பக்கம் வேலை செய்யாது. வலப்பக்கத்தைத் தன் காதிலிருந்து எடுத்து, கைலேஞ்சியால் ஒருமுறை துடைத்து, என்னிடம் நீட்டியதுதான் எங்கள் முதல் அறிமுகம். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றுதான் சொல்வோம். காலையில் அது மோட்டார் சைக்கிள்களும் சாப்பாட்டுப் பைகளும் சீருடைகளுமாக நிரம்பிவிடும். நான் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் அங்குள்ள ஆஸ்பத்திரியில் பிரசவ அறையில் வேலை செய்யும் மருத்துவமாது. தீவுப்பகுதியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான்.

“நீர் கோயில் திருவிழாக்களிலை கீபோர்ட் வாசிச்ச பெடியன்தானே? இதைக் கேட்டுப்போட்டு என்ன தாளம் எண்டு சொல்லும்.”

கேட்டேன். பாதையின் எஞ்சின் சத்தம். நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே பாதையின் சத்தத்தை முதல் நாள் அவர் போனில் பதிந்து வைத்திருந்தார். ஒரு காதில் நேற்றைய எஞ்சின், மறு காதில் இன்றைய எஞ்சின். சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூன்றாக எண்ணினால் ஒத்துவருகிறது, இடையில் ஒரு இடத்தில் இடறுகிறது என்றேன். “அந்த இடறல்தான் எனக்கு வேணும்” என்றார். பாதை கரை தட்டுவதற்குள், தான் ஒரு படம் எடுக்கப்போவதையும் அதற்கு இசை போட ஆள் தேடுவதையும் சொல்லி முடித்துவிட்டார்.

வேலை கிடைத்ததும் நான் கீபோர்ட்டுக்குத் துணி போட்டு மூடி அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். வீட்டில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அரசாங்க வேலை கிடைத்த ஒருவன் செய்யவேண்டியது அதுதான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். மிஸ்ஸி அப்படி நினைக்கிறவர் இல்லை. அவருக்கு நாற்பது வயதைக் கடந்திருந்தது. படம் எடுப்பதைப் போனில் பார்த்துப் பார்த்தே பழகியிருந்தார். அவருடைய கணவர் மேசன் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே தூண்டில் தடியின் நுனியில் ஒலிவாங்கியைக் கட்டி, கை நடுங்காமல் தூக்கிப்பிடிப்பார். ஏன் இந்த வேலை உங்களுக்கு என்று ஒருநாள் மிஸ்ஸியிடம் கேட்டேன். “நான் ஒவ்வொரு நாளும் முதல் காட்சியைத்தான் பாக்கிறன் தம்பி. தாயையும் பிள்ளையையும் துண்டு வெட்டி வீட்டை அனுப்பினாப் பிறகு கதை என்னாச்செண்டு எனக்குத் தெரியிறேல்லை. அதுதான், நானே எடுத்துப் பாப்பமெண்டு” என்றார்.

அவருடைய கதை சின்னக் கதை. எழுவைதீவில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. தகப்பன் வெளிநாட்டில். குழந்தையின் முதல் அழுகையைத் தகப்பனின் அக்கா தன் போனில் பதிந்து வைத்திருக்கிறாள். அதைத் தம்பிக்கு அனுப்பச் சிக்னல் தேடித் தீவைச் சுற்றி நடக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை. கடைசியில் கரையில் இழுத்து வைத்த ஒரு வள்ளத்தின் மேல் ஏறி நின்று, அனுப்புவதற்கு முன் ஒருமுறை அந்த அழுகையைத் தானே கேட்கிறாள். அத்தோடு படம் முடிகிறது.

அக்காவாக நடிக்க, எழுவைதீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணை மிஸ்ஸி பிடித்துவந்தார். கடைக்கார அக்கா வாழ்நாளில் கமெராவுக்கு முன்னால் நின்றதெல்லாம் அடையாள அட்டைக்காகத்தான். முதல் ஞாயிறு முழுவதும் அவர் நடந்தது அடையாள அட்டைப் படத்துக்கு நடந்ததுபோல்தான் இருந்தது. மிஸ்ஸி கோபிக்கவில்லை. பிரசவ வலியில் கத்துகிறவர்களோடு எந்தக் குரலில் கதைப்பாரோ அதே குரலில், “அவசரமில்லை, மூச்சை விடுங்கோ, நான் இஞ்சைதான் நிக்கிறன்” என்பார். இரண்டாவது ஞாயிறு அந்த அக்கா கமெராவை மறந்துவிட்டார். பனைகளுக்கிடையே போனை மேலே தூக்கிப் பிடித்தபடி அவர் நடந்துவர, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் போன் அடித்தது. பிரான்சிலிருந்து அவருடைய சொந்தத் தம்பி. அவர் நடையை நிறுத்தாமலே போனைக் காதில் வைத்து, “பிறகு எடடா தம்பி, அக்கா இப்ப சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறன்” என்றார். மிஸ்ஸி சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டார். அவர் கணவர் மட்டும் தூண்டில் தடியை இறக்கவில்லை. அந்தத் துண்டைப் படத்தின் முடிவில், பெயர்கள் ஓடும் இடத்தில் போட்டோம்.

இசை வேலையை நான் கந்தோரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்தேன். கடிதங்கள் பிரிக்கும் மேசையின் மூலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருப்பேன். வீட்டில் கீபோர்ட்டை மூடியிருந்த துணியை உருவினேன். மனைவி அந்தத் துணியை எடுத்துத் தோய்த்துப் போட்டாள். பாதையின் எஞ்சினை எடுத்து, நான் முத்திரை குத்துகிற சத்தத்தை அதற்குள் விட்டு, மேலே ஒரு மெல்லிய மெட்டை ஓடவிட்டேன். காலையில் பாதையில் மிஸ்ஸி கேட்பார். வலக்காதால் மட்டும் கேட்பதால் தலையைச் சாய்த்து வைத்திருப்பார். பிடிக்காவிட்டால், “நல்லாயிருக்கு, ஆனா அந்த அக்கா இவ்வளவு சோகமில்லை” என்பார். பிடித்தால் மறுபடி முதலிலிருந்து போடுவார்.

ஒரு இடத்தில்தான் நாங்கள் முட்டிக்கொண்டோம். கடைசிக் காட்சிக்கு ஒரு குழந்தையின் முதல் அழுகை வேண்டும். இணையத்திலிருந்து ஒன்றை இறக்கிக் கொண்டுபோனேன். கேட்ட உடனே அவர் ஹெட்செட்டைக் கழற்றினார். “இது பாலுக்கு அழுகிற பிள்ளை. பிறந்து ரெண்டு மாசமாவது இருக்கும்.” வேறு ஒன்று கொண்டுபோனேன். அதுவும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. “மிஸ்ஸி, நீங்கள் ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தத்துக்குள்ளைதானே நிக்கிறியள்? ஒருக்கா போனை அமத்திப் பதிஞ்சால் காணுமே” என்றேன்.

“அது ஏலாது.”

“ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே தம்பி. அந்த நேரம் அந்தத் தாய் என்ரை கையை நம்பிக் கிடக்கிறவ. அந்தக் கையிலை போன் இருக்கக்கூடாது.”

அவர் குரல் உயரவில்லை. கந்தோருக்குப் போனபிறகும் எனக்கு ஆறவில்லை. அழுகை இல்லாவிட்டால் போகட்டும், அந்த இடத்தை இசையால் நிரப்பிக் காட்டுகிறேன் என்று தொடங்கினேன். புல்லாங்குழல் ஒலியில் ஒரு மெட்டு வந்தது. நான் அதுவரை செய்தவற்றில் அதுதான் மிகச் சிறந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மிஸ்ஸி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கண் கலங்கினார். “வடிவாயிருக்கு” என்றார். ஆனால் படத்தில் போடுவோம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படம் அந்த இடத்தில் அப்படியே நின்றது.

அந்த மாதங்களில் என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நாள் நெருங்கியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. மனைவியிடம் கேட்டேன், அவளும் சரியென்றாள். அடுத்த நாள் பாதையில் மிஸ்ஸியிடம், எங்கள் பிள்ளையின் அழுகையைப் படத்துக்குத் தருகிறோம், எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதம், நீங்கள் போனைத் தொடவேண்டாம், வெளியே நின்று நானே பதிகிறேன் என்றேன். “உம்மடை பிள்ளை, உம்மடை போன். நான் என்னத்தைச் சொல்ல? ஆனா பதியிறதுக்கு முதல் அதைக் கேளும்” என்றார்.

மனைவிக்கு வலி தொடங்கியது ஒரு விடியற்காலை. அன்றைக்கு மிஸ்ஸிக்குத்தான் கடமை. பிரசவ அறைக்கு வெளியே விறாந்தையில், திறந்திருந்த யன்னலுக்குக் கீழே, போனை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவர் குரல் கேட்டது. “அவசரமில்லை, மூச்சை விடுங்கோ, நான் இஞ்சைதான் நிக்கிறன்.” என் மனைவி கத்தினாள். அந்தக் கத்தலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இவள் எனக்குத் தெரிந்தவள்தானா என்று பயம் வந்தது. பிறகு எல்லாம் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. வெளியே வேப்பமரத்தில் காகங்கூடக் கத்தவில்லை. அந்த வெறுமை எவ்வளவு நேரம் இருந்ததென்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் என் வாழ்க்கை முழுவதையும் தருவதாக யாரிடமோ பேரம் பேசி முடித்துவிட்டேன். அதன்பிறகுதான் என் மகள் அழுதாள்.

மிஸ்ஸி கதவைத் திறந்து வந்தபோது நான் நிலத்தில் இருந்தேன். “பெண் பிள்ளை. தாயும் சுகம்” என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தார். பதிவதற்கு நான் அதை அமத்தவேயில்லை. அவர் குனிந்து அதை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். “நல்லதாப் போச்சு” என்றார்.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள் அந்தக் கடைசிக் காட்சியை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கடைக்கார அக்கா வள்ளத்தின் மேல் நிற்கிறார், போனைக் காதில் வைக்கிறார். என் புல்லாங்குழல் தொடங்குகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் யன்னலுக்குக் கீழே நான் நின்ற அந்த இடம் அதில் இல்லை. மெட்டை எடுத்துவிட்டேன். எஞ்சின், முத்திரைச் சத்தம், காற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவர் போனைக் காதில் வைத்த கணத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை, முகம் மட்டுமே. அந்த முகத்தில் எல்லாம் இருந்தது. திங்கட்கிழமை பாதையில் மிஸ்ஸிக்குக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், கேட்க ஒன்றும் இல்லாத இடத்திலும் சாய்த்தபடியே இருந்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

படத்தை முதலில் எழுவைதீவில்தான் காட்டவேண்டும் என்று மிஸ்ஸி உறுதியாக நின்றார். ஒரு ஞாயிறு பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் யன்னல்களுக்கு உரப்பை கட்டி இருட்டாக்கி, வெள்ளைச் சேலை ஒன்றைத் திரையாக விரித்தோம். தீவே வந்திருந்தது என்று சொல்லலாம். மிஸ்ஸியின் கையில் பிறந்த பிள்ளைகள் சிலர் முன்னால் நிலத்தில் இருந்தார்கள். கைக்குழந்தைகளோடு வந்த தாய்மார் கதவோரம் கதிரைகளில் இருந்தார்கள். படம் பாதி போனபோது ஒருவர் அவசரமாக வந்து மிஸ்ஸியின் காதில் ஏதோ சொன்னார். ஒரு வீட்டில் வலி தொடங்கிவிட்டது, நாள் இன்னும் இருக்கிறது என்றார்கள். மிஸ்ஸி எழும்பினார். அன்று அவருக்கு விடுமுறை. தன் படம் ஓடிக்கொண்டிருந்த திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நீர் நிண்டு முடிச்சுப்போட்டு வாரும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்சநேரத்தில் இறங்குதுறையிலிருந்து ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு வள்ளம் புறப்படும் சத்தம் மண்டபத்துக்குள்ளும் கேட்டது.

மறுநாள் காலை நான் பாதையால் இறங்க, அவர் வீட்டுக்குப் போக ஏறுவதற்காக ஊர்காவற்றுறைக் கரையில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. “ஆம்பிளைப் பிள்ளை. சின்னன்தான், ஆனா கெட்டிக்காரன்” என்றார். பிறகு, “சொல்லும்” என்றார்.

சொன்னேன். கடைசி இடத்தில் சத்தம் நின்றதும் மண்டபமே அசையாமல் இருந்ததைச் சொன்னேன். அந்த மௌனத்துக்குள் கதவோரத்தில் ஒரு தாயின் மடியிலிருந்த குழந்தை விழித்து, உரத்து அழுததைச் சொன்னேன். எல்லோரும் படத்துக்குள்தான் அழுகிறது என்று நினைத்தார்கள். கடைக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கைதட்ட யாருக்கும் நினைவு வரவில்லை. மிஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்.

“அந்தத் தாய் என்ன செய்தவ? வெட்கப்பட்டு எழும்பி வெளியிலை போனவவோ?”

“இல்லை மிஸ்ஸி. அங்கேயே இருந்து பால் குடுத்தவ.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப படம் சரி” என்று சொல்லிவிட்டுப் பாதையில் ஏறினார்.

இப்போது மிஸ்ஸி மாற்றலாகி மன்னார்ப் பக்கம் போய்விட்டார். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் இருக்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறைகளில் அவருடைய அடுத்த படத்துக்கான சத்தங்கள் என் போனுக்கு வந்து விழுகின்றன. முதல் படத்தை இணையத்தில் விட்டிருக்கிறோம். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சப்பேர்தான், அதிகமும் வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஆட்கள். சென்ற மாதம், மனைவியையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டுப் போயிருந்த ஒருவர், கடைசிக் காட்சியில் சத்தம் வரவில்லை, முழுதாகக் கூட்டிப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை, படம் பழுதாகிவிட்டதா என்று கீழே எழுதியிருந்தார். மிஸ்ஸி அவருக்கு இப்படிப் பதில் போட்டிருந்தார்: “பழுதில்லைத் தம்பி. வீட்டுக்குப் போன் எடுத்துப் பிள்ளையின்ரை சத்தத்தைக் கேளும்.”

அடுத்த நாள் அதற்குக் கீழே அந்த மனிதரின் ஒரு சொல் இருந்தது. “கேட்டனான்.”