மழை பெய்யாத ஊரில் படித்த கூரை வேலை

என் அம்மாவின் தம்பி கூரை போடும் வேலையைப் படித்தது மழையே பெய்யாத ஊரில். கல்ஃபில் வெயிலுக்கும் மணலுக்கும் பயந்துதான் கூரை போடுவார்கள். மழை அங்கே எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. அப்படிப்பட்ட நாட்டில் தகர ஷீட் பொருத்தப் பழகியவர், வருஷத்தில் இரண்டு பருவமும் மழை கொட்டுகிற எங்கள் குழித்துறைப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, இனி தான் ஒரு கான்ட்ராக்டர் என்று அறிவித்தார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கூரையும் போடுவதற்கு முன்பே மாமா விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார். டீக்கடை, மளிகைக்கடை, சர்ச் வாசல் என்று கண்ட இடமெல்லாம் கொடுத்தார். வாங்கியவர்கள் மரியாதையாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் முனையால் பல் குத்தினார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவனிடம் தன் வீட்டின் தலையை ஒப்படைக்க யாருக்கு மனசு வரும்? இதற்கிடையில் பழைய கம்பெனியிலிருந்து ஒரு நண்பர் விசா தயாராக இருக்கிறது என்று போன் செய்தார். எங்களுக்கு அடுத்த வீடான மாமா வீட்டில் மாமி நிறைவயிற்றோடு இருந்தாள். மாமா போய்விட்டால் பிள்ளையின் முகத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்ச் சபையில், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசன முற்றத்துக்குக் கூரை போடத் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு அறுப்புப் பண்டிகைக்கும் ஐப்பசி மழை அழைக்காமலே வந்துவிடும். தார்ப்பாயில் குளம் கட்டி, சரியாகச் சாம்பார் விளம்பும் நேரத்தில் யார் இலையிலாவது கவிழும். அம்மா பெண்கள் ஐக்கியத்தில் நாலு பேரைப் பிடித்துப் பேசி, அந்த வேலையைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தாள்.

"ஒழுகிச்சுன்னா பின்ன நான் சர்ச்சுப் பக்கம் போவாண்டாம், பாத்துக்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பண்டிகை முடிந்து பதில் சொல்வதாக மாமா விசாக்காரரிடம் சொல்லிவிட்டார். கூரை பேர் வாங்கினால் இங்கே இருப்பார், இல்லாவிட்டால் விமானம் ஏறுவார். இது எனக்கே புரிந்தது.

பண்டிகையன்று சாப்பாடு முடிந்ததும் காணிக்கையாக வந்த வாழைக்குலை, சேனை, சேவல் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஏலம் போட்டவர் சபைச் செயலர். மைக் இல்லாமலே ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் தொண்டை. அவர் ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தூக்கிப் பிடித்து வாயைத் திறந்தார், மழை இறங்கியது.

கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நூறு பேர் சேர்ந்து தகர டின்னைத் தட்டுவது மாதிரி இருந்தது. செயலரின் வாய் மட்டும் அசைந்தது. விலை கேட்டவர்கள் விரலைக் காட்டினார்கள். கொசுவை விரட்டக் கையைத் தூக்கிய அப்பாவின் தலையில் ஒரு சேவலைக் கட்டிவிட்டார்கள். சனம் முழுக்க முதலில் மேலே பார்த்தது, அப்புறம் மாமாவைப் பார்த்தது. மாமா ஒழுகலைப் பற்றி ராத்திரி பகலாக யோசித்திருந்தார். சத்தத்தைப் பற்றி யோசிக்கவேயில்லை, அவர் வேலை பார்த்த ஊரில் சத்தம் போட மழை ஏது?

செயலர் குலையைக் கீழே வைத்துவிட்டு நேராக மாமாவிடம் வந்து திட்டத் தொடங்கினார். கூரையைக் காட்டுவதும் தன் தொண்டையைக் காட்டுவதுமாக வெகுநேரம் திட்டினார். மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார், முகம் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள். எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாகவும், மழைமேல் கோபமாகவும் இருந்தது.

அப்போது, புதுக்கடை ஊரிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். கூரையைக் காட்டினார். தன் தலையைத் தடவி, ஈரமில்லாத உள்ளங்கையைக் காட்டினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே சாய்வாகக் கூப்பிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார். பல நாட்டுக்காரர்களோடு சைகையிலேயே வேலை பார்த்த மாமாவுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. அவரும் கைகளை விரித்து, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேட்டார். செயலர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.

மழை கொஞ்சம் தணிந்ததும் அந்த அம்மாள் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"எனக்க வீட்டு மாடியில தேங்கா காயப்போடணும் தம்பி. அங்க ஆரு பிரசங்கம் பண்ணப் போறா? நனையாம இருந்தா போரும்."

முற்றமே சிரித்தது. மொட்டைமாடி ஒழுகுகிறவர்கள், துணி காயப்போட இடமில்லாதவர்கள் என்று இன்னும் சிலர் மாமாவைச் சூழ்ந்துகொண்டு கார்டு கேட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அவர் பையில் ஒன்றுகூட இல்லை. செயலரும் கோபம் இறங்கி, சத்தத்துக்கு மட்டும் ஒரு வழி பண்ணச் சொல்லிவிட்டு, ஏலத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

சாயங்காலம் மாமா தன் வீட்டு வாசலில் நின்று, தான் வரவில்லை என்று நண்பரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனேன். கட்டிலின் மேல் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. யாருக்கும் தெரியாமல் முந்தின நாளே மாமி அதில் மாமாவின் சட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறாள். இப்போது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை.

"மாமா எப்பம் போவாவ, மாமி?" என்று பெட்டியைப் பார்த்த குழப்பத்தில் கேட்டேன்.

"எங்கயும் போவல்ல மக்கா. இனி இஞ்சதான்" என்றாள்.

கல்யாணமான மறுமாதமே மாமா கல்ஃபுக்குப் போனபோது, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மாமி அழுததைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு நியாயமாகப் பட்டது. வீட்டோடு இருக்கப்போகிறவருக்காக எதற்கு அழ வேண்டும் என்று அம்மாவிடம் கேட்கப் போனேன். எங்கள் வீட்டு அடுக்களையில் அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா போகாமல் இருப்பது இவர்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, மாமாவுக்காக நான் ஒருத்தியாவது சந்தோஷப்படலாம் என்று அவர் வாசலுக்கு ஓடினேன்.