சினவாத பெண்

ஈரத் தைலமரச் சருகு எரிகிற வாசனை எங்கிருந்து வந்தாலும், எங்கள் நாயுடுபுரத்து வீட்டு அடுப்பும், அதற்கு மேலே தகரப் பெட்டியில் அம்மா பூட்டி வைத்திருந்த கடிதமும் எனக்குள் புகையத் தொடங்கிவிடும்.

அம்மா கொடைக்கானல் பங்களாக்களில் பிள்ளை பார்க்கும் ஆயா. ஒரு வீட்டார் எழுதித் தரும் "சர்ட்டிபிகேட்டை"க் காட்டித்தான் அடுத்த வீட்டில் வேலை கேட்க முடியும். ஊரைவிட்டுப் போன தமிழாசிரியை ஒருவர், "நேர்மையான, சினவாத பெண்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். கோபமே வராதவள் என்று அர்த்தம் சொன்னது ஆறாம் வகுப்புக்காரியான நான்தான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். முந்தின நாள்தான் அவர் காதை உரசிக்கொண்டு ஓர் அகப்பை பறந்திருந்தது.

ஆனாலும் அந்தச் சொல் வேலை வாங்கித் தந்தது. மதுரையிலிருந்து சீசனுக்கு வந்த வீட்டம்மா இரண்டு முறை படித்துவிட்டு அன்றே அமர்த்திக்கொண்டார். பிறகு பிள்ளையோடு சமையல், சமையலோடு துணி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போகவிடாமல் விருந்து என்று வேலை ஏறிக்கொண்டே போயிற்று. அம்மா முகம் சுளித்தால், சினவாத பெண் என்றல்லவா போட்டிருக்கிறது என்று சிரிப்பாராம். அங்கே விழுங்கியதையெல்லாம் எங்கள் துவைகல் வாங்கிக்கொண்டது.

ஒரு நாள் பிள்ளையின் வெள்ளிக் கிண்ணத்தைக் காணவில்லை. விருந்தாளிகள் முன்னால் அம்மாவின் பையைக் கவிழ்த்தார்கள். ஜெபமாலையும் ஒரு பிளம்ஸ் பழமும் விழுந்தன. கிண்ணம் மாலையில் கட்டிலடியில் அகப்பட்டது. வீட்டம்மா சொன்னது ஒன்றுதான்: "ஒனக்குத்தான் கோபமே வராதே."

அவர் கெட்டவரில்லை என்று இந்த வயதில் தோன்றுகிறது. எழுதியிருந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

சீசன் முடிந்து, காரில் பெட்டிகள் ஏறியபின், புதுக் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார். பெட்டி தூக்கக் கூடப் போயிருந்த நான் வாசித்துக் காட்டினேன். பழையதைப் பார்த்து எழுதியிருந்தார். அந்தச் சொல்லும் இருந்தது. அம்மா கடிதத்தைத் திருப்பி நீட்டினாள்.

"அந்த ஒரு சொல்ல அடிச்சுக் குடுங்கம்மா. எனக்குக் கோபம் வரும்ங்க."

அடித்தல் விழுந்த கடிதத்தை எந்த வீடும் சந்தேகமாகத்தான் பார்க்கும், அடுத்த சீசனுக்கு வேலை கிடைக்காமலே போகலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நீட்டிய கையை மடக்கவில்லை.

அந்த பங்களா இன்று ஓட்டலாகிவிட்டது. கடிதம் கேட்பாரும் இல்லை, எழுதித் தருவாரும் இல்லை. அம்மாவும் இல்லை. அந்தக் கடிதத்தில், பேனாவை அழுத்தி அடித்ததில் கிழிந்துபோன ஓரிடத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டம்மா அந்தச் சொல்லை அடித்துக் கொடுத்தார். கார் நகரும்போது அம்மா ஜன்னலோரம் குனிந்து சொன்னாள்:

"வத்தலக்குண்டு வரைக்கும் பிள்ளய மடியிலயே வச்சுக்கங்கம்மா. வளைவுல வாந்தி எடுப்பான்."