பலகையைச் சுற்றி அறுத்தேன்

மாகறலில் பக்கத்து வயல்காரருக்கும் எனக்கும் நடுவே ஒரு வரப்புதான். அவர் வயல் சாலையோரம். என்னுடையது அதற்குப் பின்னால். ஒற்றை நாற்று நடவுக்குப் பெயர்ப்பலகை வைக்க மாதிரி வயல் தேடி வேளாண் விரிவாக்க மைய அதிகாரி வந்தபோது முதலில் கேட்டவள் நான். "அங்கெல்லாம் ஜீப் வராதும்மா," என்றார். பக்கத்து வயல்காரர் சிரித்தார். "நேத்து வரைக்கும் இது எங்க வயல்ல நாத்து நட்டுக்கினு இருந்தது. இன்னிக்கு போர்டு கேக்குதுபா." அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

பலகையும் இலவச விதையும் அவருக்குப் போயின. பயிற்சிக் கூட்டத்தில் கேட்டபடி நானும் நட்டேன். இடைவெளி விட்டு நட்ட வயல் முதல் சில வாரம் மொட்டையாகத்தான் தெரியும். சாலையில் போகிறவர்கள், "இன்னாபா, நாத்து பத்தலையா?" என்று கேட்கக் கேட்க அவருக்கு மானம் போயிற்று. ஆள் விட்டு இடைவெளியெல்லாம் நாற்றைச் செருகிவிட்டார். நெருக்கியடித்து வளர்ந்த பயிர், கதிர் வந்ததும் ஒரே மழையில் படுத்துவிட்டது. என் பயிர் தூர் கட்டி நிமிர்ந்து நின்றது.

வயல் விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதிகாரியும் பக்கத்து வயல்காரரும் என் வரப்பில் வந்து நின்றார்கள். வயல்காரர் பெயர் எழுதிய பலகை அவர் கையிலேயே இருந்தது.

"மேலருந்து வராங்கம்மா. ஒரு நாளைக்கு போர்டை இங்க நட்டுக்குறோம். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றார் அதிகாரி.

"அப்ப மரியாதை அண்ணனுக்கா சார்?"

"அவரு பேருதானேம்மா குடுத்திருக்குது."

மரியாதைக்குப் பிள்ளையார்பாளையத்துப் பட்டு அங்கவஸ்திரம் வாங்கியாயிற்று என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. "செரிங்க சார்," என்றேன். பலகை ஆடாமல் நிற்க நானே மண்ணை மிதித்துக் கொடுத்தேன்.

கதிரின் அடியில் இன்னும் பச்சை மாறவில்லை. இப்போதே அறுத்தால் நஷ்டம் எனக்குத்தான். ஆகட்டும், என் நெல்லைக் காட்டி அவர் பட்டு போர்த்திக்கொள்ளக் கூடாது. அறுவடை மெஷின்காரருக்குப் போன் போட்டேன். விடிந்ததும், ஜீப் வராத ஏரிக்கரை வழியாகவே மெஷின் வந்தது.

"போர்டைப் பிடுங்கிப் போட்டுரட்டாக்கா?"

"அத்த தொடாதபா. சுத்தி அறு."

சாலையில் கார்கள் வந்து நின்றபோது அறுத்த தாளுக்கு நடுவே பலகை மட்டும் நின்றது. சலவைச் சட்டையில் அவர் அதன் பக்கத்தில் நின்றார். மேலதிகாரி பலகையைப் படித்துவிட்டு, "பயிர் எங்கங்க?" என்று அவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"பயிரு என்னுதுங்க சார். என் வூட்டு வாசல்ல காயுது," என்றேன். "போர்டு அண்ணனுது. அத்த நான் தொடலை."